ஆய்வும் சாளரமும்

ஒரு செயலில் இறங்குமுன் ஐயமற எண்ணிப் பார்க்க வேண்டியவை ஐந்து என்று வள்ளுவர் வகுத்துரைத்தார். செலவிடும் பொருள், கைக்கொள்ளும் கருவி, ஏற்ற காலம், செய்யப்படும் வினை, செய்தற்குரிய இடம் என்பன அவை. வினைசெயல்வகை கூறவந்த அவர் ஆட்சிப் பொறுப்பில் இருப்போரை நோக்கியே இவ்வறிவுரையைக் கூறினார். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆய்வுக்கூடங்களில் அமர்ந்து கணினிக்கு நிரல் எழுதிய அறிவியலாளர்க்கும் அது பெரிதும் பொருந்துவதாயிற்று. தாம் எழுதிய ஆய்வு மென்பொருளைப் பிறரும் கண்ணால் கண்டு கையால் இயக்கும்படி அதற்கு எவ்வாறு முகம் அமைப்பது என்பதே அவர்கள் முன்னின்ற வினா.

இவ்வினா சிறியதுபோல் தோன்றும். திரையில் தெரியும் சாளரம், பொத்தான், தேர்வுப் பட்டியல், படம் வரையும் பரப்பு ஆகியவற்றின் தொகுதியே வரைகலை இடைமுகம் எனப்படுகிறது. இவற்றை எந்த நிரலரும் முதலிலிருந்து தாமே படைப்பதில்லை. வீடு கட்டுவோர் கதவையும் பலகணியையும் தச்சுப் பட்டறையில் வாங்கிப் பொருத்துவது போல, ஆயத்தமாக உள்ள கருவித் தொகுதி ஒன்றைத் தெரிந்தெடுத்து அதன் உறுப்புகளைக் கொண்டே தம் முகப்பை அமைத்துக்கொள்கின்றனர். தச்சன் கொடுத்த கதவு பழுதுற்றால் வேறு கதவு மாட்டலாம். ஆனால், கதவும் சுவரும் ஒன்றாக வார்க்கப்பட்டிருந்தால் கதவை மாற்றுவதற்குச் சுவரையே இடிக்க நேரும். அறிவியல் மென்பொருள்களின் வரலாற்றில் நிலைத்தவற்றையும் மறைந்தவற்றையும் பிரித்த கோடு பெரும்பாலும் இதுவே.

அறிவியலில் இதற்குத் தனிச் சிறப்பு உண்டு. ஒருவர் கண்ட முடிவைப் பிறர் மீண்டும் செய்து பார்த்தல் இயல வேண்டும். இயலாவிடின் அது சான்றாகாது, வெறும் கூற்றாகவே நின்றுவிடும். அளவிட்ட மென்பொருள் ஒரு பொறியோடு பிறந்து அப்பொறியோடு மடியுமானால், அதனால் பெற்ற முடிவுகளைச் சரிபார்க்கும் வழியும் அடைபடும். எனவே, எத்தகைய சாளரம் அமைப்பது என்பது அழகு பற்றிய வினா மட்டும் அன்று. அறிவின் ஆயுள் பற்றிய வினாவும் ஆகும்.

எண்ணிலிருந்து உருவத்திற்கு

தொடக்கக் காலத்தில் கணினிக்கும் ஆய்வாளர்க்கும் இடையே துளையிட்ட அட்டைகளும் அச்சிட்ட எண் வரிசைகளுமே நின்றன. இந்நிலையை மாற்றிய முன்னோடிகளுள் ஒருவர் ஐவன் சதர்லாந்து. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1963ஆம் ஆண்டில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் பயனாக, டி.எக்ஸ்.-2 என்னும் கணினியின் திரைமீது ஒளிப்பேனாவால் நேரே உருவம் வரையும் 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரல் பிறந்தது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் டக்ளஸ் எங்கல்பர்ட் சான் பிரான்சிஸ்கோ நகரில், பேரவை ஒன்றின் முன்னிலையில் சுட்டியின் இயக்கத்தைச் செய்து காட்டினார். 1973இல் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 'ஆல்டோ' என்ற கணினி உருவாயிற்று. இன்று உலகெங்கும் பழகிவிட்ட சாளர முறை அவ்வாய்வகத்தில்தான் வளர்ந்தது.

அங்கே 1978ஆம் ஆண்டில் விருந்தினராக வந்து தங்கியவர் டிரிக்வே ரீன்ஸ்காக் என்னும் நார்வே நாட்டவர். கப்பல் கட்டும் பணிக்குரிய நிரல்களைத் தம் நாட்டில் ஆக்கிப் பயின்றவர் அவர். பெரிய வேலைத்திட்டம் ஒன்றின் செய்திகளை ஒருவர் அட்டவணையாகவும் மற்றொருவர் வரைபடமாகவும் காண விரும்புவர், செய்தியோ ஒன்றுதான். இதனை நன்குணர்ந்த அவர், 1979ஆம் ஆண்டில் ஒரு நிரலை மூன்று கூறாகப் பிரித்தல் வேண்டும் என்று எழுதினார். உண்மைச் செய்தியைத் தாங்குவது ஒரு கூறு. அதனைக் காட்டுவது இன்னொரு கூறு. பயன்படுத்துவோரின் கட்டளையை ஏற்றுச் செலுத்துவது மூன்றாம் கூறு. தன்னை எவர், எவ்வடிவில் காண்கின்றனர் என்பதை முதற்கூறு அறிந்திருக்க வேண்டுவதில்லை என்பது இதன் உயிர்நாடி.

கருத்து எளியது, கடைப்பிடித்தல் எளிதன்று. ஆய்வாளர் பொதுவாக நிரல் எழுதும் தொழிலுக்கு வந்தவர் அல்லர். நாளைக் காலைக்குள் முடிவு வேண்டும் என்ற நெருக்கடியில் எழுதுபவர். பொத்தானை அழுத்தியவுடன் நிகழ வேண்டிய கணக்கை அப்பொத்தானுக்குள்ளேயே எழுதிவிடுதல் அவருக்கு விரைவான வழியாகத் தோன்றுகிறது. அவ்விரைவுக்குரிய விலையை அவரோ அவருக்குப் பின் வருபவரோ ஒருநாள் செலுத்த நேர்கிறது.

பெதஸ்டாவில் தோன்றிய கருவி

அமெரிக்காவின் பெதஸ்டா நகரில் உள்ள தேசிய நல ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர் வெய்ன் ராஸ்பேண்ட். நுண்ணோக்கியில் எடுத்த படங்களில் உள்ள அணுக்களை எண்ணவும், அவற்றின் பரப்பையும் ஒளியடர்த்தியையும் அளக்கவும் ஆய்வாளர்க்கு உதவும் நிரல்களை அவர் எழுதி வந்தார். முதலில் பி.டி.பி.-11 என்னும் கணினிக்கு எழுதினார். ஒவ்வோர் ஆய்வாளரும் தம் மேசைமேல் தனியே வைத்துக்கொள்ளத்தக்க பொறி அன்று அது.

1987ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் 'மெக்கின்டாஷ் 2' வெளிவந்தது. சாளரமும் சுட்டியும் கொண்ட மேசைக் கணினி அது. படங்களையும் பல படிநிலைகளில் காட்ட வல்லது. ராஸ்பேண்ட் காலந்தாழ்த்தாமல் அதற்கென்று பாஸ்கல் மொழியில் புதியதொரு நிரலை எழுதினார். 'என்.ஐ.எச். இமேஜ்' என்று பெயர் பெற்ற அதனை எவரும் விலையின்றிப் பெற்று மூலநிரலையும் திருத்திக்கொள்ளலாம் எனப் பொதுவுடைமையாக விடுத்தார். உயிரியல் ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் அது வேரூன்றியது.

ஆயினும் அதன் வலிமையே அதன் தளையும் ஆயிற்று. மெக்கின்டாஷின் சாளர அமைப்போடு அது இழையோடு இழையாகப் பின்னப்பட்டிருந்தது. 1990களின் நடுப்பகுதியில் பெரும்பாலோர் கைகளில் விண்டோஸ் கணினிகளும், ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் யூனிக்ஸ் கணினிகளும் இருந்தன. அவர்கள் அனைவருக்கும் அந்நிரல் எட்டாக்கனியாயிற்று. விண்டோஸ் கணினிக்கென வேறொரு நிறுவனம் அதனைப் பெயர்த்தெழுதிய செய்தியே, ஒரு சாளரத்திலிருந்து இன்னொரு சாளரத்திற்கு மாறுதல் எத்துணைப் பெரும்பணி என்பதற்குச் சான்று.

1995ஆம் ஆண்டில் சன் நிறுவனம் ஜாவா மொழியை வெளியிட்டது. ஒருமுறை எழுதினால் எல்லாக் கணினிகளிலும் இயங்கும் என்பது அதன் முழக்கம். ஆனால், அம்மொழி அப்போது இளமை நிலையில் இருந்தது, விரைவும் குறைவு, அதனுடன் வந்த சாளரத் தொகுதியும் எளிய உறுப்புகள் சிலவற்றையே கொண்டிருந்தது. பத்தாண்டு உழைப்பைக் கைவிட்டு, உறுதிப்படாத புது மொழியில் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதா என்பது எவரையும் தயங்கச் செய்யும் வினா. ராஸ்பேண்ட் தயங்கி நின்றுவிடவில்லை. 1997ஆம் ஆண்டில் 'இமேஜ்ஜே' என்ற பெயரில் அந்நிரலின் புத்துருவம் வெளிவந்தது.

அவர் எடுத்த முடிவு சரியே என்பதைக் காலம் காட்டியது. 2001ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் தன் இயங்குதளத்தையே அடியோடு மாற்றியது. பழைய நிரல்கள் இடைக்கால ஏற்பாடு ஒன்றால் சில ஆண்டுகள் இயங்கின. பின்னர் அவ்வேற்பாடும் கைவிடப்பட்டது. 2006இலும் 2020இலும் அந்நிறுவனம் கணினியின் மையச் செயலியையே மாற்றியது. இத்தனை மாற்றங்களையும் இமேஜ்ஜே தாண்டி நின்றது. செருகுநிரல் எழுதி எவரும் அதற்குப் புதிய ஆற்றல் சேர்க்கலாம் என்ற ஏற்பாடு அதனை மேலும் வளர்த்தது. ஆனால், சாளரத்தையும் கணக்கையும் பிரித்தல் என்னும் பழைய கடன் மட்டும் தீர்க்கப்படாமல் அதனுள்ளே தங்கியிருந்தது.

நார்வேயில் பிறந்த பொதுக் கருவி

ஒவ்வோர் ஆய்வாளரும் தனித்தனியே அல்லலுறுவதைவிட, எல்லாப் பொறிக்கும் பொதுவான சாளரத் தொகுதி ஒன்றையே படைத்துவிட்டால் என்ன? இவ்வெண்ணமும் அறிவியல் பணி ஒன்றிலிருந்தே பிறந்தது என்பது பலர் அறியாதது.

1990ஆம் ஆண்டுக் கோடையில், நார்வேயில் டிரோண்ட்ஹைம் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற ஹாவார்ட் நூர்ட், எய்ரிக் சாம்பே-எங் என்னும் இருவர், புறஒலி அலைகளால் எடுக்கப்படும் மருத்துவப் படங்களைச் சேமித்து வைக்கும் மென்பொருள் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தனர். யூனிக்ஸ், மெக்கின்டாஷ், விண்டோஸ் ஆகிய மூவகைக் கணினிகளிலும் அது இயங்க வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட பணி. மூன்றுக்கும் தனித்தனியே முகப்பு எழுதுவதென்றால் ஒரே வேலையை மும்முறை செய்தல் வேண்டும். வெயில் காய வெளியே வந்து பூங்கா இருக்கை ஒன்றில் அமர்ந்திருந்தபோது, பொருள்நோக்குக் காட்சி அமைப்பு ஒன்று வேண்டும் என்று நூர்ட் கூறினார். 1991இல் அதனை எழுதத் தொடங்கினர்.

பொத்தான் அழுத்தப்பட்டது என்ற செய்தியை அப்பொத்தான் அறிவித்தால் போதும். யார் கேட்கிறார், கேட்டு என்ன செய்கிறார் என்பதை அது அறிய வேண்டியதில்லை என்ற முறையை 1992இல் சாம்பே-எங் வகுத்தார். இதனால் முகப்பும் உள்ளீட்டுப் பணியும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளாமல் இணைந்து இயங்க முடிந்தது. 1994ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இருவரும் நிறுவனம் தொடங்கினர். வருவாய் இல்லாத அத்தொடக்க ஆண்டுகளில் அவர்தம் மனைவியரின் ஊதியமே இரு குடும்பங்களையும் தாங்கியது. 1995ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் 'கியூட்' என்ற பெயரில் அத்தொகுதி உலகிற்கு வெளியிடப்பட்டது. 1996ஆம் ஆண்டு மார்ச்சில் ஐரோப்பிய விண்வெளி முகமை பத்து உரிமங்களை வாங்கி அதன் இரண்டாம் வாடிக்கையாளர் ஆயிற்று.

கருவி சிறந்தது, ஆனால், அது யாருடையது? 1996ஆம் ஆண்டு அக்டோபரில் மத்தியாஸ் எட்ரிக் என்னும் ஜெர்மானிய மாணவர் யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கு முழுமையான திரைச் சூழல் ஒன்றை அமைக்கும் 'கே.டி.இ.' திட்டத்தை அறிவித்து, அதற்குக் கியூட்டைத் தெரிந்தெடுத்தார். விலையின்றிப் பெறலாமெனினும், திருத்திய மூலநிரலைப் பிறர்க்கு வழங்க அன்றைய உரிமம் இடந்தரவில்லை. நிறுவனம் நாளை கைமாறினால் அதன்மேல் கட்டப்பட்ட அனைத்தும் என்னாகும் என்று பலர் அஞ்சினர். அவ்வச்சத்தின் விளைவாக, 1997இல் 'ஜி.டி.கே.' என்ற வேறொரு கட்டற்ற கருவித் தொகுதியைக் கொண்டு 'குனோம்' என்னும் மாற்றுத் திட்டம் எழுந்தது. 1998இல் நிறுவனமும் கே.டி.இ. குழுவினரும் ஓர் அறக்கட்டளையை அமைத்தனர். கட்டற்ற பதிப்பை நிறுவனம் என்றேனும் நிறுத்தினால், அதனைப் பொதுவில் விடுக்கும் உரிமை அதற்கு வழங்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் யூனிக்ஸ் பதிப்பு பொது உரிமத்தின்கீழ் வந்தது.

அவ்வச்சம் வீண் அச்சம் அன்று. 2008இல் நோக்கியா நிறுவனம் கியூட்டை வாங்கியது. 2009இல் உரிமத்தை மேலும் தளர்த்தியது. 2012இல் டிஜியா என்னும் பின்லாந்து நிறுவனத்திற்கு விற்றுவிட்டது. உடைமையாளர் மாறினும் கருவி மாளவில்லை. முன்னரே எழுதி வைத்த உரிமமே அதன் காப்பு. கருவியைத் தெரிந்தெடுப்போர் அதன் திறனை நோக்குவதுபோல் அதன் உரிமத்தையும் நோக்குதல் வேண்டும் என்பது இவ்வரலாறு புகட்டும் பாடம்.

பல கதவுகளுக்கு ஒரே நிலை

சிக்காகோ பல்கலைக்கழகத்தில் நரம்பியல் ஆய்வாளராக இருந்தவர் ஜான் ஹண்டர். வலிப்பு நோயாளர்களின் மூளையில் எழும் மின்னலைகளைப் பதிவு செய்து ஆராய்வது அவர் பணி. அவருடைய ஆய்வுக்கூடத்தில் அதற்கெனத் தனியார் மென்பொருள் ஒன்று இருந்தது. உரிமமோ ஒன்றே ஒன்றுதான். கணினியில் செருகினாலன்றி மென்பொருள் இயங்காத சிறு பூட்டுக்கருவியை மாணவரும் மருத்துவரும் ஆய்வாளரும் முறைவைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தினர். நோயாளியின் மூளை அலைகள் பதிவாகிக் காத்திருக்க, அவற்றைப் பார்க்கும் சாளரத்தின் சாவி வேறொருவர் கையில் இருந்தது.

ஹண்டர் முதலில் மேட்லேப் என்னும் கணிப்பு மொழியில் தம் நிரலை எழுதினார். அது வளர வளர, செய்திகளைக் கையாள்வதிலும் முகப்பு அமைப்பதிலும் அம்மொழி இடர் தந்தது. எனவே பைத்தான் மொழிக்கு மாறினார். அங்கே வரைபடம் தீட்டுவதற்கு அவர் விரும்பிய வசதி இல்லை. தாமே எழுதத் துணிந்தார். 2003ஆம் ஆண்டில் 'மேட்பிளாட்லிப்' வெளிவந்தது.

இங்கேதான் அவர் செய்த தெரிவு கருதத்தக்கது. அவருடைய மூளையலை நிரல் ஜி.டி.கே. தொகுதியைக் கொண்டு அமைந்தது. ஆயினும் வரைபட நூலகத்தை அதனோடு மட்டும் பிணைத்துவிடவில்லை. வரைபடம் என்பது கோடு, எழுத்து, அச்சு ஆகியவற்றின் கட்டமைப்பு என ஓர் அடுக்கில் வைத்தார். அதனைத் திரையிலோ தாளிலோ தீட்டுவது யார் என்பதை அதற்கு அடியில் வேறோர் அடுக்கில் வைத்தார். ஜி.டி.கே., கியூட், டி.கே. எனக் கருவித் தொகுதி எதுவாயினும் அவ்வடி அடுக்கில் பொருத்தலாம். சாளரமே இல்லாமல் நேரே படக்கோப்பாகவும் எழுதலாம். சுட்டியின் அசைவும் விசையின் அழுத்தமும் எத்தொகுதியிலிருந்து வந்தாலும் ஒரே மொழியில் மேலடுக்குக்குச் சொல்லப்பட்டன. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் அறிவியற் பணிகளை நடத்தும் நிறுவனம் அந்நூலகத்தை ஏற்று அதன் வளர்ச்சிக்கும் துணைநின்றது.

இவ்வமைப்பின் பயனைத் தமிழெழுத்தைக்கொண்டே விளக்கலாம். 'கெ' என்னும் எழுத்தில் கொம்பு ககரத்திற்கு முன் நிற்கிறது. ஆனால், கணினியின் நினைவில் ககரமே முதலில் பதிகிறது. 'கொ' என்னும் எழுத்திலோ குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. இவற்றை முறைப்படுத்திக் காட்டும் உறுப்பு கியூட் போன்ற பெருந்தொகுதிகளில் உண்டு. மேட்பிளாட்லிப்பின் சொந்த வரைபகுதியில் அது நெடுங்காலம் இல்லை. அதனால் வரைபடத்திற்குத் தமிழில் தலைப்பிட்டவர், கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் நிற்கக் கண்டனர். ஆயினும் அவ்வுறுப்பைக் கொண்ட வேறொரு வரைபகுதியைப் பிறர் எழுதிப் பொருத்தியபோது, மேலடுக்கைத் தொடாமலேயே குறை நீங்கியது. கதவு மட்டும் மாற்றப்பட்டது; சுவர் இடிபடவில்லை.

ஹண்டர் 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், புற்றுநோய்ச் சிகிச்சையில் நேர்ந்த சிக்கல்களால் காலமானார். அவர் படைத்த நூலகமோ மாளவில்லை. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் உலகிற்குக் காட்டப்பட்ட முதல் கருந்துளைப் படத்தை உருவாக்கிய பணியிலும் அது பங்கு கொண்டது.

உலாவியே சாளரமான கதை

இக்கால அளவிலேயே பெர்னாண்டோ பெரெஸ் என்னும் கொலம்பிய நாட்டவர், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவராக இருந்தபோது, 2001ஆம் ஆண்டில் 'ஐபைத்தான்' என்னும் நிரலைத் தொடங்கினார். கட்டளையை எழுதியவுடன் விடை காட்டும் எளிய எழுத்துத் திரை அது. கணக்கையும் விளக்கவுரையையும் படத்தையும் ஒரே ஏட்டில் கோத்துக் காட்டும் முறையை 1988இல் வெளிவந்த 'மேத்தமேட்டிக்கா' முன்னரே நிறுவியிருந்தது. அம்மென்பொருளிலும் கணிக்கும் பகுதி வேறு, காட்டும் பகுதி வேறு என்ற பிரிவு இருந்தது. அத்தகைய ஏடு எவர்க்கும் கட்டற்றுக் கிடைத்தல் வேண்டும் என்பது பெரெஸ் குழுவினரின் வேட்கை.

முகப்பை எப்படி அமைப்பது என்ற வினாவுக்கு அவர்கள் உடனே விடை தேடிச் செல்லவில்லை. முதலில் கணிக்கும் பகுதியைத் தனியே பிரித்தனர். அதனோடு பேசுவதற்குரிய செய்தி முறையை வகுத்தனர். 2011ஆம் ஆண்டு ஜூலையில் அச்செய்தி முறையைக்கொண்டு கியூட் தொகுதியால் ஆன ஒரு சாளரம் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில், அதே கணிப்புப் பகுதிக்கு, இணைய உலாவியையே சாளரமாகக் கொண்ட ஏடு வெளிவந்தது. ஆறு திங்களுக்குள் ஒரே வீட்டுக்கு இரு வாயில்கள் அமைந்தன. 2014இல் அது 'ஜூப்பிட்டர்' எனப் பெயர் மாறி, பைத்தானுக்கு மட்டுமன்றிப் பல மொழிகளுக்கும் உரியதாயிற்று. 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஈர்ப்பலைகளை முதன்முதலாகக் கண்டறிந்த 'லைகோ' குழுவினர், தம் அளவைகளோடு அத்தகைய ஏட்டையும் வெளியிட்டனர். அதனால் தொலைவிலுள்ள மாணவனும் அக்கணக்கைத் தானே செய்து பார்க்க இயன்றது.

ஆயினும் உலாவியும் எக்காலத்திற்கும் உரிய அரண் அன்று. ஜாவா மொழியில் எழுதிய சிறு நிரல்களை உலாவிக்குள்ளேயே இயக்கும் முறை 1990களின் இறுதியில் கல்விக்கூடங்களில் பரவியிருந்தது. 2015ஆம் ஆண்டில் குரோம் உலாவி அதற்குரிய வாயிலை அடைத்தது. 2016இல் ஜாவாவை நடத்தும் நிறுவனமே அம்முறையைக் கைவிடுவதாக அறிவித்தது. அம்முறையை நம்பி எழுதிய இயற்பியல், வேதியியல் பாடக் காட்சிகள் பல ஒளியிழந்தன. புதுமை நிலைபேற்றுக்கு உறுதி ஆகாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

பழைய கடன் தீர்ந்த வகை

இமேஜ்ஜே மென்பொருளில் தங்கியிருந்த கடன் பின்னாளில் வெளிப்பட்டது. திரையில் முன்னே நிற்கும் சாளரம் எதுவோ, அதிலுள்ள படமே ஆய்வுக்குரிய படம் என்பது அதன் பழைய நியதி. ஒருவர் அமர்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்து அளந்த காலத்தில் இஃது இயல்பாகவே இருந்தது. நுண்ணோக்கிகள் பல்லாயிரம் படங்களைத் தாமே எடுத்துக் குவிக்கத் தொடங்கியபோதோ, அளத்தற்குத் திரையே இல்லாத பெருங்கணினிகள் தேவைப்பட்டன. சாளரம் இல்லாவிடின் அந்நிரலின் பல பகுதிகள் இயங்க மறுத்தன. ஆகவே, காண்பவர் எவரும் இல்லாத கணினிக்குள் பொய்த்திரை ஒன்றை உண்டாக்கி, அதில் எவரும் காணாத சாளரங்களைத் திறந்து கணக்கிடும் விந்தை நிகழ்ந்தது.

2007ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உயிரியல் ஆய்வகத்தினர், இமேஜ்ஜேயையும் அதன் செருகுநிரல்களையும் ஒருங்கு தொகுத்து 'ஃபிஜி' என்று வெளியிட்டனர். விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழுவினர் முன்னின்று உருவாக்கிய இரண்டாம் இமேஜ்ஜேயில், படச் செய்தி வேறு, அதனைக் காட்டும் சாளரம் வேறு எனப் பிரிக்கப்பட்டன. அப்பணியை விளக்கும் கட்டுரை 2017இல் வெளிவந்தது.

அவர்கள் பழையதை இகழ்ந்து ஒதுக்கவில்லை என்பது போற்றத்தக்கது. உலகெங்கும் ஆய்வாளர் எழுதி வைத்த செருகுநிரல்கள் பழைய அமைப்பை நம்பியிருந்தன. அவற்றை இயங்காமற் செய்தால், அவற்றைக் கொண்டு பெற்ற முடிவுகளைச் சரிபார்க்க வழியிராது. எனவே பழைய பகுதியையும் உள்ளே வைத்துக்கொண்டு புதியதை அதனோடு இணைத்தனர். அப்பணி அரியது, புகழ் குறைந்தது. தொடக்கத்தில் சில நாள் பொறுமையோடு பிரித்திருந்தால் எளிதாய் முடிந்திருக்கக்கூடியது, இருபது ஆண்டு கழித்துப் பலரின் உழைப்பை வேண்டியது. இதனை ராஸ்பேண்ட் மீது குற்றமாகச் சுமத்துதல் முறையன்று. 1987இல் ஒருவர் மேசைக்கு ஒரு கணினி வருவதே வியப்பாக இருந்தது. காண்பவர் இல்லாமலே படங்கள் அளக்கப்படும் காலத்தை அவர் எதிர்நோக்காதது இயல்பே.

எண்ணித் துணிதல்

இவ்வரலாறுகளை ஒருசேர நோக்கின் ஓர் உண்மை புலப்படும். 'எந்தக் கருவித் தொகுதி சிறந்தது?' என்ற வினாவுக்கு என்றும் பொருந்தும் விடை கிடையாது. மெக்கின்டாஷின் சாளரம் ஒரு காலத்தில் சிறந்திருந்தது; ஜாவா ஒரு காலத்தில் விடுதலை தந்தது; கியூட் பல பொறிகளை இணைத்தது; உலாவி தொலைவை அகற்றியது. ஒவ்வொன்றும் தன் காலத்திற்கும் இடத்திற்கும் உரிய விடை. ஆனால், 'இக்கருவி மாறும் நாளில் எம் ஆய்வு என்னாகும்?' என்ற வினா எக்காலத்தும் மாறவில்லை. அதனை முன்கூட்டியே வினவியவர்களின் படைப்புகள் கைமாறியும் உருமாறியும் வாழ்ந்தன.

வள்ளுவர் வகுத்த ஐந்தும் இங்கே முறையே வந்து பொருந்துகின்றன. பொருள் என்பது உரிமத்தின் விலை. சிக்காகோவில் ஒற்றைப் பூட்டுக்கருவிக்குக் காத்திருந்தோர் அதனை உணர்ந்தனர். கருவி என்பது சாளரத் தொகுதி. காலம் என்பது அது நிலைக்கும் ஆண்டுகள். இடம் என்பது அது இயங்கும் பொறி. வினை என்பதோ இவை அனைத்திற்கும் மேலான ஆய்வு. முன்னைய நான்கும் மாறக்கூடியவை என்றறிந்து ஐந்தாவதை அவற்றிலிருந்து விலக்கிக் காத்தலே எண்ணித் துணிதல் ஆகும்.

இன்றும் ஏதேனும் ஓர் ஆய்வுக்கூடத்தில் இளைய ஆய்வாளர் ஒருவர் தாம் எழுதிய நிரலுக்கு முதற்சாளரம் அமைக்க அமர்ந்திருப்பார். நாளைக்கே முடிவு வேண்டும் என்று காலம் அவரை உந்தும். பொத்தானுக்குள்ளேயே கணக்கை எழுதிவிடக் கை விரையும். அந்த ஒரு கணத்தில் கையை நிறுத்திக் கணக்கைத் தனியே எழுதி வைப்பாராயின், தாம் ஒருபோதும் காணப்போகாத ஒருவர், இன்னும் பிறவாத ஒரு பொறியில், அக்கணக்கை மீண்டும் செய்து பார்த்து அது மெய் என்று உரைக்க இயலும். அறிவியலாளர் தம் ஆய்வுக்குத் தேடிவைக்கும் பாதுகாப்புகளுள் இதுவும் ஒன்று.